பாடிமெலன் மூடிக்கொள்கிறது

ஸ்டான்லி, டாஸ்மேனியா
மே 4

ரஸ்,

அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. சமாதானம் பேச எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. கம்ப்யூட்டரில் ஒன்று வேலை செய்யவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கும் மெர்வுக்கும் நீ லினக்ஸ் போட்டுக் கொடுத்தாயே, அதே மடிக்கணினிதான். "வைரஸ் வராதுக்கா, பல வருஷம் கண்ண மூடிக்கிட்டு ஓடும்" என்று அன்றைக்குப் பெரிதாக அளந்தாய். ஓடத்தான் செய்கிறது. போன வாரம் அதில் பாடிமெலன் என்று ஒரு மென்பொருளைப் போட்டேன். குரலைப் பதிவதற்கானது. புதருக்குள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிராணியின் பெயரைக் குரல் பதிகிற மென்பொருளுக்கு எவன் வைத்தானோ, பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறான். படத்தை அழுத்தினால் ஒரு சன்னல் கண் சிமிட்டுகிற மாதிரி வருகிறது, மூடிக்கொள்கிறது. என்ன கோளாறு என்று ஒரு வார்த்தை கிடையாது.

பெர்னியில் கம்ப்யூட்டர் கடைக்காரனிடம் தூக்கிக்கொண்டு போனேன். "இது லினக்ஸ் ஆச்சேம்மா, நான் தொடமாட்டேன். எல்லாத்தையும் அழிச்சிட்டு வேற போட்டுத் தரட்டுமா?" என்றான். மெர்வின் பாட்டெல்லாம் அதில்தான் கிடக்கிறது. பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எதற்கு இந்த வயதில் குரல் பதிகிறாள் என்று கேட்பாய். மெர்வுக்குக் கண் இப்போது சுத்தமாகப் போய்விட்டது. ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். அவருக்குப் புத்தகம் வாசித்துப் பதிந்து வைக்கலாமென்று.

போன் செய்யாதே. எழுது.

நரேல்


மக்குவாரி தீவு
மே 5

அக்கா,

பெட்டியில் உன் பெயரைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். கம்ப்யூட்டர்தானா. சரி.

அடக்கத்தன்று அம்மாவின் சமையலறையில், சாண்ட்விச் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் நீ சொன்னதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. "யாருக்காவது நீ வேணும்னா, உடனே தெற்கே ஓடிப்போயிடறே." அது அப்படியே கிடக்கட்டும். வேலையைப் பார்ப்போம்.

தேடும் பெட்டியில் டெர்மினல் என்று அடி. ஒரு கறுப்புச் சன்னல் திறக்கும். அதில் மென்பொருளின் பெயரைச் சின்ன எழுத்தில் அடித்து என்டர் தட்டு. இதற்குக் காரணம் சொல்கிறேன், கேள். படத்தை அழுத்தித் திறந்தால், மென்பொருள் சாகும்போது சொல்வது யார் காதிலும் விழாது. கறுப்புச் சன்னலிலிருந்து திறந்தால் அது கடைசியாகச் சொன்னதெல்லாம் அங்கேயே எழுதியிருக்கும். அதை அப்படியே நகலெடுத்து எனக்கு அனுப்பு. புரியாத வரி என்று எதையும் விட்டுவிடாதே.

அண்டார்டிகாவுக்குப் பாதி வழியில் கிடக்கும் இந்தத் தீவிலிருந்து உன் திரையை என்னால் பார்க்க முடியாது. பலூன் அனுப்பி வானிலை பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு, அந்தத் தகவல் போகவே இணைப்பு திணறுகிறது. மின்னஞ்சல் மட்டும் ஒழுங்காகப் போகும். செயற்கைக்கோள் போன் இருக்கிறது. நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் பேச்சோடு பேச்சாக முடித்துவிடலாம். ஞாயிறு மதியம் கூப்பிடட்டுமா?

அத்தான் கண் விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

ரஸ்


ஸ்டான்லி
மே 7

ரஸ்,

போன் வேண்டாம் என்று எழுதியிருந்தேன். தெற்கே போனால் எழுத்துக்கூட்டவும் மறந்துவிடுமா?

கறுப்புச் சன்னலில் வந்ததைக் கீழே ஒட்டியிருக்கிறேன். பழைய அமைப்புக் கோப்பு என்று ஏதோ முனகிவிட்டுக் கடைசியில் "செக்மென்டேஷன் ஃபால்ட், கோர் டம்ப்ட்" என்கிறது. எதையோ எங்கேயோ கொட்டிவிட்டுப் போய்விட்டதாம். கன்றுக்குட்டிகூட இதைவிட மரியாதையாகக் கொட்டும்.

நரேல்


மக்குவாரி தீவு
மே 8

அக்கா,

அந்தக் கொட்டலைப் பற்றிக் கவலைப்படாதே. தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தில் கை வைத்தால் லினக்ஸ் அப்படித்தான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய வரி. நீ முதலில் லினக்ஸோடு வரும் மென்பொருள் கடையில் கிடைத்த பழைய பாடிமெலனைப் போட்டு, அது சரியில்லை என்று பிறகு புதியதைப் போட்டிருக்கிறாய். சரிதானா? பழையது எழுதி வைத்த அமைப்புகளைப் புதியது படிக்கப் பார்த்துத் தடுக்கி விழுகிறது.

உன் வீட்டுக் கோப்புறையைத் திற. கன்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்து. புள்ளியில் தொடங்கும் பெயர்கள் தெரியும், அவை அதுவரை மறைந்திருக்கும். உள்ளே கான்ஃபிக் கோப்புறையில் பாடிமெலன் பெயரில் ஒன்று இருக்கும். அதை அழித்துவிடாதே. பெயரை மட்டும் மாற்று, பின்னால் 'பழையது' என்று சேர்த்துவிடு. எதையும் அழிக்காமல் நகர்த்தி வைத்துப் பார்ப்பதுதான் நல்லது, தப்பாகப் போனால் திரும்பி வரலாம்.

போன் பேச்சை விட்டுவிட்டேன். இன்னும் கோபம் என்றால் கோபமாகவே இரு. எழுதுகிறாயே, அது போதும்.

ரஸ்


ஸ்டான்லி
மே 11

ரஸ்,

திறந்துவிட்டது! நான் போட்ட சத்தத்தில், மாடு சமையலறைக்குள் வந்துவிட்டதென்று மெர்வ் தடியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆனால் பதியவில்லை. பேசினால் ஒரு கோடு மேலும் கீழும் ஆட வேண்டுமாம். செத்த பாம்பு மாதிரி நேராகக் கிடக்கிறது. தலையில் மாட்டும் மைக்கைக் கழற்றி மாட்டியாயிற்று, ஊதிப் பார்த்தாயிற்று, திட்டியும் பார்த்தாயிற்று.

மெர்வ் கேட்கிறார்: "உன் தம்பி அங்க கடல் யானைகளுக்கு நடுவுல எப்படித் தூங்கறான்? அதுங்க விடுற ஏப்பத்துக்கு வீடே நாறுமே?"

நரேல்


மக்குவாரி தீவு
மே 12

அக்கா,

அத்தானிடம் சொல், நாற்றம் பழகிவிடும், குறட்டைதான் பழகாது. போன வாரம் ஒன்று எங்கள் கதவை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டது. சன்னல் வழியாக இறங்கி பலூன் விடப் போனேன்.

மைக் கெட்டிருக்காது. மடிக்கணினிக்குத் தன்னுடைய மைக் ஒன்று, பக்கவாட்டு மைக் துளை ஒன்று, நீ மாட்டியது ஒன்று என்று பல காதுகள் இருக்கும். அது வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அமைப்புகளில் ஒலி என்பதைத் திற. உள்ளீடு என்ற இடத்தில் யுஎஸ்பி மைக்கைத் தேர்ந்தெடு. நீ பேசப் பேச அங்கே ஒரு பட்டை துடித்தால் சரி. பிறகுதான் பாடிமெலனைத் திறக்க வேண்டும். முன்னாலேயே திறந்து வைத்திருந்தால் புதுக் காதை அது கண்டுகொள்ளாது.

சரியானதும் ஒரு வாக்கியம் பதிந்து அனுப்பு. இணைப்பு தாங்கும். ஒலி ஒழுங்காக விழுகிறதா என்று நான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ரஸ்


ஸ்டான்லி
மே 15

ரஸ்,

பட்டை துடிக்கிறது. கோடும் ஆடுகிறது. ஆனால் நாலைந்து வாக்கியம் ஆனதும் பழையபடி மூடிக்கொள்கிறது. கறுப்புச் சன்னல் சொன்னது கீழே.

பதிவு எதற்கு உனக்கு? எழுத்தே போதாதா?

நரேல்


மக்குவாரி தீவு
மே 16

அக்கா,

போதாது. மூடிக்கொள்வது ஒலியைப் பதியும் பகுதியாலா, இல்லை வேறெதனாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நீ அனுப்பிய வரிகளில் இரண்டுக்குமே இடமிருக்கிறது. ஒரே ஒரு வாக்கியம் போதும். பாட வேண்டாம்.

ரஸ்


ஸ்டான்லி
மே 24

இணைத்திருக்கிறேன்.

ந.


மக்குவாரி தீவு
மே 25

அக்கா,

பிடித்துவிட்டேன்!

பதிவு வந்தது. இரைச்சல் இல்லை, நல்ல மைக். ஆனால் குரல் இழுபடுகிறது, கேட்டாயா? பழைய கேசட்டில் நாடா தளர்ந்தால் வருமே, அந்த மாதிரி. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இது சாம்பிள் ரேட் கோளாறு. மைக் ஒரு வேகத்தில் ஒலியை வெட்டிக் கொடுக்கிறது. பாடிமெலன் அதை வேறு வேகம் என்று நினைத்து எழுதுகிறது. இரண்டும் முட்டிக்கொண்டுதான் மென்பொருள் விழுகிறது என்று நினைக்கிறேன்.

அமைப்புகளில் மேம்பட்டவை என்ற பக்கத்தில் 44100 என்று இருக்கும். அதை 48000 ஆக்கு. ஆக்கிவிட்டு மூடித் திற. குரல் உடனே பழையபடி கணீரென்று வந்துவிடும். சந்தையில் நீ ஏலம் கூவினால் ஒலிபெருக்கி இல்லாமலேயே கடைசிப் பட்டி மாடு திரும்பிப் பார்க்குமே, அந்தக் குரல் இப்படிக் குடித்தவள் குரல் மாதிரி வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

உன் குரலைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இழுபட்டாலும் நன்றாகத்தான் இருந்தது.

ரஸ்


ஸ்டான்லி
மே 28

ரஸ் கண்ணா,

நீ சொன்ன எண்ணைப் போட்டேன். மூடித் திறந்தேன். மாறவில்லை. மாறாது என்று தெரிந்தேதான் போட்டேன். நீ அவ்வளவு பாடுபட்டு எழுதியிருந்தாய்.

மென்பொருள் சரியாகத்தான் பதிந்திருக்கிறது. அதுதான் இப்போது என் குரல்.

ஜனவரியில் தொடங்கியது. ஏலம் கூவும்போது எண்கள் நாக்கில் வழுக்கின. பல்லைக் குறை சொன்னேன், வெயிலைக் குறை சொன்னேன். ஒரு நாள் இளங்காளைகளை விற்றுக்கொண்டிருக்கிறேன், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தன் கத்தினான்: "என்ன நரேல், காலங்காத்தாலயே ஏத்திட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, அந்தப் பட்டியை விற்று முடித்து, கோலைக் கீழே வைத்துவிட்டு இறங்கினேன். அதற்குப் பிறகு ஏறவில்லை.

ஹோபார்ட்டில் நரம்பு டாக்டர் பார்த்தார். இயக்க நரம்பு நோய். சிலருக்குக் கையில் தொடங்குமாம், சிலருக்குக் காலில். எனக்கு வாயில். பேச்சு முதலில் போகும். மற்றதெல்லாம் வரிசையில் நிற்கிறது. அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன்.

இப்போது புரிகிறதா, போன் ஏன் வேண்டாம் என்றேன் என்று. கோபம் தீர்ந்து ரொம்ப நாளாயிற்று. நீ கேட்டுவிடுவாயே என்றுதான்.

புத்தகம் வாசித்துப் பதியப் போகிறேன் என்று சொன்னது பொய். என் பேச்சு நின்றதும் நான் தட்டச்சு செய்வதை ஓர் இயந்திரம் பேசும். மற்றவர்களுக்கு அதுகூட வேண்டாம், ஒரு பலகையில் எழுதிக் காட்டினால் போதும். மெர்வுக்கு எப்படிக் காட்டுவேன்? எனக்கு வாய் போய், அவருக்குக் கண் போய், ஒரே வீட்டில் இரண்டு பேர், நடுவில் ஒன்றுமே இருக்காது. பேச்சுப் பயிற்சி தரும் பெண் இயந்திரத்தோடு வரும் குரலைப் போட்டுக் காட்டினாள். எங்கேயோ வங்கியில் மேனேஜராக இருப்பவன் குரல். மெர்வ் தலையைத் திருப்பிக்கொண்டு கேட்டார்: "யாரு இந்த ஆளு? என் சமையலறைல இவனுக்கு என்ன வேலை?"

அதனால் என் குரலையே இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும், அது இருக்கும்போதே. எங்கள் வீட்டு இணையத்தின் லட்சணம் உனக்குத் தெரியும். இணையம் இல்லாமல் இதைச் செய்வது பாடிமெலன் ஒன்றுதான். அதுவும் நாலு வாக்கியத்துக்கு ஒரு தடவை மூடிக்கொள்கிறது. எனக்கோ பத்து வாக்கியத்துக்கு மேல் ஒரு மூச்சில் முடியவில்லை.

நீ சிரித்ததற்காக வருத்தப்பட்டுக்கொண்டு உட்காராதே. சிரித்தவர்களில் அன்போடு சிரித்தவன் நீ ஒருத்தன்தான்.

அக்கா


மக்குவாரி தீவு
மே 30

அக்கா,

நேற்றே எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

நிலையத் தலைவியிடம் போய்க் கேட்டேன். "கப்பல் அக்டோபர்லதான் ரஸ், உனக்கே தெரியும்" என்றாள். தெரியும். இங்கே விமானம் இறங்க இடமில்லை. உயிர் போகிற நிலையில் யாராவது கிடந்தால்தான் வேறு கப்பலைத் திருப்புவார்கள், அதுவும் இங்கே கிடப்பவர்களுக்கு. கரையில் கிடப்பவர்களுக்காக இல்லை. கடற்கரையில் போய் நின்றேன். காற்றில் நிற்கவே முடியவில்லை. ஒரு பென்குயின் வந்து பூட்ஸைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று.

சமையலறையில் நீ சொன்னது சரிதான் போலிருக்கிறது. உனக்கு வேண்டியிருக்கிறது, நான் தெற்கே இருக்கிறேன்.

ரஸ்


ஸ்டான்லி
ஜூன் 1

ரஸ்,

போதும் நிறுத்து. சமையலறையை இப்போது இழுக்காதே. நீ ஊரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய், சொல்லட்டுமா? காரை எடுத்துக்கொண்டு வருவாய். சூப் கொண்டு வருவாய். சோபாவில் உட்கார்ந்து மெர்வும் நீயும் கால்பந்து கேட்பீர்கள். என்னைப் பார்க்க முடியாமல் சன்னல் வழியே மாட்டைப் பார்ப்பாய். சூப் கொடுக்க இந்த ஊரில் ஆளா இல்லை? என் குளிர்பெட்டியில் இப்போது பூசணி சூப் மட்டுமே இருக்கிறது.

கறுப்புச் சன்னலில் வந்ததைப் படித்து அர்த்தம் சொல்ல டாஸ்மேனியா முழுக்க ஒருத்தரும் இல்லை. அதற்கு நீதான் வேண்டும். இருக்கும் இடத்தில் இருந்துகொண்டு வேலையைப் பார்.

இன்றைக்கு நான் கவனித்தது ஒன்று. நான் பேசும்போது அது மூடுவதில்லை. பேசி முடித்ததும் அந்த அலைக்கோட்டைப் பெரிதாக வரைந்து காட்டுமே, அப்போதுதான் மூடுகிறது. உதவுமா?

அக்கா


மக்குவாரி தீவு
ஜூன் 6

அக்கா,

உதவுமாவா? நீ சொன்ன அந்த ஒரு வரிதான் எல்லாம். நான் ஒலியிலேயே தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே பொருள் கிடங்கில் உன்னுடையதைப் போலவே பழைய மடிக்கணினி ஒன்று கிடந்தது. துடைத்து எடுத்து, அதே லினக்ஸ், அதே பாடிமெலன் போட்டேன். பேசினேன். அலை வரைந்தது. மூடிக்கொண்டது! என் வாழ்நாளில் ஒரு மென்பொருள் விழுந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பக்கத்து அறைக்காரர் என்ன ஆயிற்று என்று ஓடி வந்தார். "விழுந்துடுச்சு, விழுந்துடுச்சு!" என்று அவரைக் கட்டிக்கொண்டேன்.

திரையில் படம் வரைவதற்கென்று உள்ளே ஒரு சில்லு உண்டு. பழைய சில்லு. புதிய பாடிமெலன் கேட்கும் மாதிரி வரைய அதற்குத் தெரியவில்லை, தெரியாது என்று சொல்லவும் தெரியாமல் மயங்கி விழுகிறது. அதனால் அதனிடம் வேலையைக் கொடுக்கக் கூடாது. வரையும் வேலையையும் முக்கியச் சில்லே பார்த்துக்கொள்ளட்டும். கொஞ்சம் மெதுவாக வரையும், ஆனால் விழாது. அதற்கு மென்பொருளைத் திறக்கும்போதே முன்னால் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதை நீ ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டாம். ஒரு சின்னக் கோப்பு இணைத்திருக்கிறேன், மேசைமேல் போட்டு வைத்து அதையே அழுத்து. முதல் தடவை மட்டும் வலப்பக்கம் சொடுக்கி, இயங்க அனுமதி என்பதைத் தேர்ந்தெடு.

இங்கே நான் இரண்டு நாள் விடாமல் பதிந்து பார்த்தேன். ஒரு தடவைகூட விழவில்லை. மென்பொருளை எழுதியவர்களுக்கும் விவரமாக எழுதிவிட்டேன். சம்பளம் இல்லாமல் செய்கிறவர்கள், அடுத்த பதிப்பில் சரிசெய்வதாகப் பதில் வந்தது. யாருக்காக என்று கேட்டார்கள். என் அக்காவுக்கு என்று எழுதினேன்.

ரஸ்


ஸ்டான்லி
ஜூலை 3

ரஸ்,

விழவில்லை. எழுதாததற்குக் காரணம் அதுதான், வேலை நடக்கிறது.

காலையில் டீ குடித்ததும் உட்காருகிறேன், அப்போதுதான் நாக்கு கொஞ்சம் சொன்னபடி கேட்கிறது. அது கொடுக்கும் வாக்கியங்கள் எவனோ பைத்தியக்காரன் எழுதியவை. "தபால்காரரின் நீலப் படகில் பன்னிரண்டு எலுமிச்சைகள் இருந்தன." மெர்வ் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். அவர் காது உனக்குத் தெரியுமே, தொழுவத்தில் எந்த மாடு இருமியது என்று படுக்கையிலிருந்தே சொல்வார். "அந்த எலுமிச்சை சரியில்ல, இன்னொரு தரம்" என்பார். முடியவில்லை என்றால் என் கையைத் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்கிறார். "போதும். நாளைக்கு அந்தப் படகு எங்க போகுதுன்னு பாப்போம்."

என் பெயர் எனக்குச் சொல்ல வருவதில்லை இப்போது. ரகரமும் லகரமும் போய்விட்டன. மெர்வ் பெயர் வருகிறது. வருகிறதோ, அல்லது நான் என்ன சத்தம் போட்டாலும் அவர் திரும்புகிறாரோ, தெரியவில்லை.

அக்கா


மக்குவாரி தீவு
ஜூலை 5

அக்கா,

ஒரு யோசனை. பாடிமெலன் பழைய பதிவுகளையும் ஏற்கும். சந்தையில் வெளியூர்க்காரர்களுக்காக ஏலத்தை இணையத்தில் போடுவார்களே, அந்தப் பதிவுகளில் உன் பழைய குரல் மணிக்கணக்கில் இருக்குமே? கேட்டு வாங்கி அதையும் கொடுத்துப் பார். கணீரென்று இருக்கும்.

வாக்கியங்கள் முடிந்ததும் குரலை உருவாக்கு என்ற பொத்தானை அழுத்து. மூடியைச் சாத்திவிடாதே, அது இரண்டு மூன்று நாள் ஓடும்.

நீ உன் பெயரைச் சொல்ல வேண்டாம். அதைச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.

ரஸ்


ஸ்டான்லி
ஆகஸ்ட் 14

ரஸ்,

சந்தைக்காரர்கள் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினவன் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தான். வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பாவம், அவனுக்கு ஒரு கிண்ணம் பூசணி சூப் கொடுத்தனுப்பினேன்.

அந்தப் பதிவுகளை மட்டும் வைத்து முதலில் ஒரு குரல் செய்தேன். 'டீ வேண்டுமா மெர்வ்' என்று தட்டினேன். ரஸ், என் குரல்தான், கணீரென்றுதான் இருந்தது. ஆனால் ஏலம் போட்டது! டீ-வேணுமா-டீ-வேணுமா என்று ஒரே மூச்சில் விரட்டி, கடைசியில் மெர்வை யாருக்கோ விற்கிற மாதிரி நிறுத்தியது. மெர்வ் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். "நான் எவ்வளவுக்குடி போனேன்?" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது ஊருக்குப் பேசுற குரல். எனக்கு இப்பப் பேசுறியே, அது போதும்" என்றார்.

அதனால் இந்தக் குளிர்காலம் முழுக்கப் பதிந்ததை வைத்தே செய்கிறேன். இழுபட்டால் இழுபடட்டும். ஆனால் 'உருவாக்கு' அழுத்தினால் பாதியில் நிற்கிறது. கறுப்புச் சன்னலில் ஒரே ஒரு வார்த்தை. "கில்டு." கொன்றுவிட்டார்களாம். யார், எதற்கு என்று விசாரணை இல்லையா?

அக்கா


மக்குவாரி தீவு
ஆகஸ்ட் 15

அக்கா,

கொன்றது லினக்ஸேதான். நினைவகம் தீர்ந்துபோனால் மற்ற வேலைகளைக் காப்பாற்ற, அதிகம் தின்கிறவனைத் தீர்த்துவிடும். உன் கணினியில் நினைவகம் கொஞ்சம். ஏலப் பதிவில் கொஞ்சம்தான் எடுத்துக் கொடுத்திருப்பாய், அது தப்பித்தது. இது பெரியது. வட்டில் கொஞ்சம் இடத்தை நினைவகமாகப் பாவிக்கச் சொல்லலாம். கீழே நாலு வரி எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றாக அடி. ஒன்று முடிந்து அடுத்தது. கடவுச்சொல் கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்படாமல் அடித்து என்டர் தட்டு. மெர்வ் அத்தானின் பாட்டை வேறு வட்டுக்கு மாற்றி இடம் ஒதுக்கிவிட்டுச் செய்.

ரொம்ப மெதுவாகப் போகும். ஒரு வாரம்கூட ஆகலாம். நின்றுவிட்டதோ என்று தோன்றும். தொடாதே, விடு.

மக்குவாரியில் வெளிச்சம் திரும்ப வருகிறது. கடல் யானைகள் குட்டி போடக் கரையேறுகின்றன. கப்பல் அக்டோபர் முதல் வாரம். இதற்கு மேல் நான் தெற்கே வருவதாக இல்லை, எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்காக என்று நினைக்காதே. எனக்காக.

ரஸ்


ஸ்டான்லி
அக்டோபர் 9

ரஸ்,

நீ கப்பலில் இருப்பாய், வாந்தி எடுத்துக்கொண்டு. இதைப் படிக்க முடிந்தபோது படி.

குரல் செப்டம்பரிலேயே தயாராகிவிட்டது. எழுதாமல் இருந்ததற்குக் காரணம், அது சரியாக இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. பேசியது. மெதுவாக, கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, என்னைப் போலத்தான் பேசியது. ஆனால் மெர்வ் அதனிடம் மரியாதையாக நடந்துகொண்டார். "சரிம்மா", "நன்றிம்மா", "நீ சொன்னா சரிதான்". விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி. என் சொந்தப் பேச்சு போன மாதம் முழுசாக நின்றுவிட்டது, அதனால் வீட்டில் இந்தக் குரல் மட்டும்தான். மருத்துவமனையில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டு மீதிக் காலத்தை ஓட்டப் போகிறோம் என்று நினைத்தேன். உனக்கு அதை எழுத மனசு வரவில்லை.

நேற்றுக் காலை மெர்வ் யாரையும் கேட்காமல் தொழுவத்துக்குப் போயிருக்கிறார். கம்பியைப் பிடித்துக்கொண்டே போய், கன்றுகளுக்குப் பால் வைத்து, திரும்பும்போது வேலிக்கதவைச் சாத்த மறந்துவிட்டார். எட்டுக் கன்றும் என் காய்கறிப் பாத்தியில். நான் போய் விரட்ட முடியுமா, நோய் இறங்கிவிட்ட இந்தக் கால்களை வைத்துக்கொண்டு? பக்கத்து வீட்டுக்காரர் வந்து பிடித்துக் கட்டினார். மெர்வ் உள்ளே வந்து உட்கார்ந்து, "கதவ நான் சாத்தினேன், காத்துல தெறந்திருக்கும்" என்றார்.

தட்டினேன் ரஸ். எவ்வளவு வேகமாகத் தட்ட முடியுமோ அவ்வளவு வேகமாக. காற்று எந்த ஊர்க் காற்று, தாழ்ப்பாளைத் தூக்குகிற காற்று என்று கேட்டேன். கண் தெரியாதவர் தனியாகப் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டேன். முட்டைக்கோஸ் நாற்று அத்தனையும் போயிற்று என்றேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் டிராக்டரைக் குளத்தில் விட்டதையும் எடுத்தேன். பாடிமெலன் ஒன்றுவிடாமல் என் குரலில், என் இழுப்போடு, சொல்லிக்கொண்டே போயிற்று. நடுவில் ஒரு தடவைகூட விழவில்லை. அவர் இரண்டு தடவை குறுக்கே பேசப் பார்த்தார், நான் அடுத்ததை ஏற்கெனவே தட்டி வைத்திருந்தேன்.

கடைசியில் மேசையைத் தட்டினார், டீக்கோப்பை குதித்தது.

"வாய மூடு நரேல்!" என்றார்.

அந்தக் குரலை அவர் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பிறகு தட்டுத்தடுமாறி மேசையைச் சுற்றி வந்து, இயந்திரத்தைக் கடந்து, என் முகத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

முடியாது என்று தட்டினேன்.

அக்கா